வாட்டர் கூலிங் செய்யப் போகிறீர்களா? ரேடியேற்றரில் இருந்து தொடங்குங்கள்

கொம்பியூட்டருக்கு வீட்டிலேயே வாட்டர் கூலிங் செய்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த புளொக் போடுகிறாய்?" என்றுதான். புரொசெசருக்கு மேலே உட்காரும் அந்தச் செம்புக் கட்டி பார்க்க வடிவானது, படத்தில் நன்றாக விழும், அதனால் ஆக்களின் கண் அதிலேயே நிற்கிறது. என்னைக் கேட்டால், திருகோணமலையில் இருந்துகொண்டு இந்த வேலையில் இறங்குகிறவர் கடைசியாக யோசிக்க வேண்டிய சாமான் அது. இங்கே முதலில் தண்ணியின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிற ரேடியேற்றர், அடுத்தது தண்ணியைச் சுற்றவிடுகிற பம்ப், மற்றதெல்லாம் பிறகு. காசையும் அந்த ஒழுங்கிலேயே பிரியுங்கள்.

காரணம் சுலபம். தண்ணி எதையும் குளிராக்குவதில்லை, சூட்டை ஓர் இடத்தில் இருந்து அள்ளி இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். அந்தச் சூட்டைக் கடைசியில் வாங்கிக்கொள்வது அறைக் காற்று. ஆகவே ரேடியேற்றரில் எவ்வளவு காசு கொட்டினாலும் ஓடுகிற தண்ணி அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்காது. வீடியோ போடுகிற ஐரோப்பாக்காரர் 21 பாகை அறைக்குள் இருந்து கதைக்கிறார். நமக்குக் கச்சான் என்கிற காய்ந்த தென்மேல் காற்று அடிக்கிற காலத்தில் வெளியில் 35 பாகை தாண்டும், சீற் போட்ட அறைக்குள் பின்னேரமாகியும் 33, 34 இல் நிற்கும். அவருடைய தண்ணி 31 இல் ஓடினால் அதே செட் இங்கே 44 இல் ஓடும், அது கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கிற தண்ணியை விடச் சூடு. அவருக்கு இரண்டு மூன்று பாகை கூடினாலும் கவலையில்லை, இங்கே அந்த இரண்டு பாகையில்தான் ஃபேன் கத்துவதா இல்லையா என்பதே இருக்கிறது.

என் கணக்கைச் சொல்கிறேன். என் ரைசன் 7 5800எக்ஸ் புரொசெசர் முழுமூச்சில் ஓடும்போது சொக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்கும், பழையதாக வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3070 கிராஃபிக்ஸ் கார்ட் 220 வாட். இரண்டும் சேர்ந்து 360க்குக் கொஞ்சம் மேலே. இந்த வேலை செய்கிறவர்கள் மத்தியில் ஒரு குத்துமதிப்பு இருக்கிறது: ஃபேன் நடுத்தர வேகத்தில் சுற்றினால் ரேடியேற்றரில் 120 மில்லிமீற்றர் ஃபேன் பூட்டுகிற ஒவ்வொரு இடத்துக்கும் 100 வாட், தண்ணி அறையை விடப் பத்துப் பாகை கூட. அந்தக் கணக்குக்கு எனக்கு நாலு ஃபேன் போதும். ஆனால் 34 பாகை அறையில் பத்துப் பாகை கூட என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால் ஐந்து ஃபேன் இடம், அதாவது மூன்று ஃபேன் பூட்டுகிற ஒரு 360உம் இரண்டு ஃபேன் பூட்டுகிற ஒரு 240உம் என்று முடிவெடுத்தேன். கேசிங் சின்னன் என்றால் 240ஐ வெளியே பின்பக்கம் தொங்கவிடலாம், வடிவு குறையும், வேலை நடக்கும்.

இடையில் ஒன்று. தண்ணி முதலில் புரொசெசருக்குப் போக வேண்டுமா, கார்டுக்குப் போக வேண்டுமா, நடுவில் ஒரு ரேடியேற்றர் வேண்டுமா என்று பெடியள் மணிக்கணக்கில் சண்டை பிடிப்பார்கள். ஒரு லீற்றர் தண்ணியை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோ ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு நாலு லீற்றர் ஓடுகிற சுற்றில் 360 வாட்டையும் ஒன்றாக ஊற்றினாலும் தண்ணி ஏறுவது ஒரு பாகையும் கொஞ்சமும்தான். ஆகவே குழாய் எது கிட்டவோ அதற்குப் போடுங்கள்.

சரி, ரேடியேற்றரை எங்கே எடுப்பது? புதுசு என்றால் கொழும்பில் இருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருந்து. பழைய சாமான் என்றால் வாகன ரேடியேற்றர்காரர்களிடம் போகலாம், அது ஒன்றும் புதிய யோசனை இல்லை. இந்தப் பொழுதுபோக்கு தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் ஆக்கள் 1977ஆம் ஆண்டு பொன்டியாக் பொன்னவில் காரின் ஹீற்றர் கோரை, அதாவது காருக்குள் சூடான காற்று விடுகிற சின்ன ரேடியேற்றரைத்தான் தேடித் தேடி வாங்கினார்கள். நம்மிடம் பொன்டியாக் இல்லை, ஆனால் பழைய ஜப்பான் வான்களில் ஹீற்றர் கோர் இருக்கிறது. இந்த ஊர் வெக்கையில் ஹீற்றரை யார் போடப்போகிறார்கள்? குழாயை வளைத்துக் கட்டிவிட்டு ஓடுகிற வான்கூட உண்டு. இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தை இருக்கவே இருக்கிறது.

ஆனால் உலோகத்தைப் பாருங்கள். நான் போகிற ரேடியேற்றர் கடை நானா ஒன்றும் பேசாமல் பேனாக்கத்தியை எடுத்து ஒரு பழைய கோரின் மூலையில் பெயின்றைச் சுரண்டிக் காட்டினார், உள்ளே மஞ்சளாக ஒரு கோடு. "இது பித்தளை தம்பி, ஈயம் வைத்துப் பத்தலாம். இப்ப வாறது முழுக்க அலுமினியமும் பிளாஸ்டிக்கும், உடைஞ்சா எறியிறதுதான்" என்றார். பக்கத்தில் கிடந்த இன்னொன்றைச் சுரண்டினால் வெள்ளை. அந்த வெள்ளையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். புளொக் செம்பு, ரேடியேற்றர் அலுமினியம், இரண்டுக்கும் நடுவில் தண்ணி என்றால் அது ஒரு பற்றரி மாதிரி வேலை செய்யும், தேய்ந்துபோவது அலுமினியம். அதில் இருந்து வருகிற வெள்ளைக் களி புளொக்குக்கு உள்ளே இருக்கிற மெல்லிய வெட்டுகளில் போய் அடைக்கும். அந்த வெட்டுகளின் இடைவெளி அரை மில்லிமீற்றரும் வராது. கடையில் மூடி ஒட்டி விற்கிற ரெடிமேட் கூலர்கள் பலவற்றில் அலுமினிய ரேடியேற்றரும் செம்புத் தட்டும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், அவை அரிப்பைத் தடுக்கிற மருந்து கலந்த தண்ணியில், மூடிய சுற்றில் ஓடுகின்றன. திறந்து பூட்டுகிற நமது சுற்றில் அந்த விளையாட்டு வேண்டாம்.

பழைய கோர் எடுத்தால் உள்ளே துருவும் படையும் இருக்கும், வினாகிரி கலந்த சுடுதண்ணியை நிரப்பிவிட்டுக் குலுக்கிக் குலுக்கி, வருகிற தண்ணி தெளியும்வரை கழுவுங்கள். புரொசெசருக்கு மட்டும் என்றால் ஒரு நல்ல ஹீற்றர் கோர் காணும். கார்டையும் சேர்த்தால் இடம் போதாது, அதனால் நான் 360ஐப் புதுசாகவே எடுத்தேன்.

புதுசு வாங்கும்போது தகட்டின் நெருக்கத்தைப் பாருங்கள், ஓர் அங்குலத்தில் எத்தனை தகடு என்று போட்டிருப்பார்கள். 25, 30 என்று நெருக்கமாக இருந்தால் வேகமான ஃபேன் வேண்டும், தூசியும் போய்ச் சிக்கும். கச்சான் புழுதியும் கடற்கரைக் காற்றின் உப்பும் சேர்ந்து தகட்டில் ஒட்டுகிற அந்தப் பசை ஊதினால் போகாது, ஈரத் தூரிகையால் துடைக்க வேண்டும். ஆகவே 10, 12 தகடு உள்ளது நமக்கு நல்லது. ஃபேன் ஆர்க்டிக் பி12 போதும், விலைக்கு நல்ல அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும். ஃபேனைப் பிடிக்கிற இரும்பு ஸ்குறூதான் உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிக்கும், ஸ்ரெயின்லஸ் ஸ்குறூ வாங்கி மாற்றிவிடுங்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: இவ்வளவு பெரிய துறைமுகத்தை வைத்துக்கொண்டு ரேடியேற்றர் எதற்கு, கடல் தண்ணியையே சுற்றவிடலாமே? மைக்ரோசொஃப்ட் அதைச் செய்தும் பார்த்தது, 2018இல் ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுப் பக்கம் 864 சேர்வர்களை ஓர் உருளைக்குள் வைத்துக் கடலில் இறக்கி 2020இல் தூக்கினார்கள். அது குளிர்க் கடல். நமது கடலின் மேல்தண்ணியே 28, 29 பாகை, மிச்சத்தை உப்பு பார்த்துக்கொள்ளும். இன்னும் சிலர் தண்ணியை மேலிருந்து மழைபோல விழவிட்டு ஆவியாக்கிக் குளிராக்குவார்கள். கச்சான் காற்று காய்ந்த காற்று என்பதால் அந்த முறை அறை வெப்பத்துக்கும் கீழே இறக்கும், உண்மைதான். ஆனால் மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது எடுபடாது, அதோடு வீட்டுக்குள் திறந்த தண்ணித் தொட்டி வைத்தால் நுளம்பு பெருகி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கதவைத் தட்டுவார். ஐஸ் போடுகிற யோசனையும் அப்படித்தான். இந்த ஊரில் குளிர்த் தண்ணிக் கிளாசை மேசையில் வைத்தால் உடனே வியர்க்கும், அந்த வியர்வை மதர்போர்டில் வந்தால் கதை முடிந்தது.

பம்புக்கு வருவோம். மீன் தொட்டிப் பம்ப் மலிவு, ஒரு காலத்தில் ஜெர்மனியின் ஐகைம் மீன்தொட்டிப் பம்புகளைத்தான் உலகம் முழுக்கப் பாவித்தார்கள். அதன் பிரச்சினை அது 230 வோல்ற்றில் ஓடுவது. கொம்பியூட்டரைப் போட்டுவிட்டுப் பம்பைப் போட மறந்தால்? இரண்டையும் ஒன்றாகப் போடுகிற ரிலே வைக்கலாம், ஆனால் அந்த வயர் வேலைக்குப் பதில் 12 வோல்ற் பம்ப் வாங்குவது நிம்மதி. வாகனக் கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கிற சின்ன மோட்டார் 12 வோல்ற்தானே என்று எடுத்துவிடாதீர்கள், அது சில செக்கன் ஓடி நிற்கச் செய்தது, மணிக்கணக்கில் ஓடினால் கருகும். நான் டி5 என்கிற 12 வோல்ற் பம்ப் எடுத்தேன். டிடிசி என்கிற மற்ற வகைப் பம்ப் சின்னது, அழுத்தம் கூட, ஆனால் தானும் சூடேறும், இந்த வெக்கையில் இன்னொரு சூடான சாமான் எனக்கு வேண்டாம். டி5 ஓடுகிற தண்ணிக்கு 60 பாகை வரை என்று அளவு போட்டிருக்கிறார்கள், நம்மிடம் அதற்குக் கிட்டவும் போகாது. தொட்டி எப்போதும் பம்புக்கு மேலே இருக்கட்டும். டி5இன் பெயாரிங்குக்கு எண்ணெய் கிடையாது, ஓடுகிற தண்ணிதான் எண்ணெய். வெறுமையாக ஓடினால் சில நிமிடத்தில் சத்தம் மாறிவிடும்.

குழாயைப் பூட்டுகிற முனை, அதாவது ஃபிட்டிங்தான் ஊர்க் கடையில் ஆக்கள் மாட்டுப்படுகிற இடம். வாட்டர் கூலிங் சாமான் எல்லாம் ஜி 1/4 என்கிற கால் அங்குல நேர் மரை. நமது பிளம்பிங் சாமானும் கொம்பிரசர் சாமானும் அதே குடும்பம், அங்குலத்துக்கு 19 மரை, ஆகவே கொம்பிரசர் கடையில் விற்கிற கால் அங்குலப் பித்தளை முனை சுற்றினால் ஏறும். ஏறுவதுதான் ஆபத்து. அது பெரும்பாலும் கூம்பு மரை, இறுக்க இறுக்கத் துளையை விரிக்கும், புளொக்கின் மேல்மூடி அக்ரிலிக் என்றால் மயிர்க்கோடு விழுந்து வெடிக்கும். நேர் மரை கிடைத்தாலும் நீளத்தைப் பாருங்கள். புளொக் துளையின் ஆழம் ஐந்து மில்லிமீற்றரைச் சுற்றித்தான், கடை முனையின் மரை பத்து வரும், உள்ளே அடியில் போய் முட்டிக்கொண்டு வெளியே ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தொடாமலே நிற்கும். பார்க்க இறுகின மாதிரி இருக்கும், தண்ணி விட்டால் ஒழுகும். மரையை அரத்தால் அராவிக் குறைக்கலாம். ஆனால் ஓ-ரிங்கோடு வருகிற சரியான ஃபிட்டிங் எட்டுப் பத்து வாங்கினால் தலையிடி முடிந்தது, இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டேப்பும் இங்கே தேவையில்லை, ஒழுகலைப் பிடிப்பது ஓ-ரிங், மரை அல்ல.

குழாய்க்கு ஹாட்வெயார் கடையில் மேசன்மார் மட்டம் பார்க்க வாங்குகிற தெளிவான ஹோஸ் தருவார்கள். பாவிக்கலாம். வளைவில் மடியும், சூடு பட்டு நாளடைவில் பால்போல மங்கும், அதில் இருந்து கசிகிற பசை புளொக்கில் போய்ப் படியும். கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் ஹோஸ் வடிவில்லை, ஆனால் எனக்கு அதுதான் விருப்பம். பெற்றோல் ஹோஸ் வேறு ரப்பர், கறுப்புத் தூள் கழரும், அதை விடுங்கள்.

தண்ணி வாகனப் பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணி. கடையில் அசிட் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளை வாசித்து எடுங்கள். கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிற கிணற்றுத் தண்ணி புளொக்குக்கு உள்ளேயும் அதையே செய்யும். பத்தில் ஒரு பங்கு வாகனக் கூலன்ட் கலந்தால் அரிப்பும் பாசியும் குறையும், ஆனால் அந்தப் பச்சைத் தண்ணி இனிப்பு, நஞ்சு, பூனையும் பிள்ளையும் உள்ள வீட்டில் மிச்சப் போத்தலைப் பூட்டி வையுங்கள்.

புளொக்? சொக்கெட்டுக்குப் பொருந்துகிற எந்தச் செம்பு புளொக்கும் சரி, நல்லதுக்கும் நடுத்தரத்துக்கும் வித்தியாசம் சில பாகைதான். கார்ட் புளொக் மட்டும் உங்கள் கார்டின் போர்டுக்கே செய்ததா என்று பார்த்து வாங்குங்கள், ஒரே பெயரில் வருகிற கார்டுகளுக்கு உள்ளே போர்ட் வேறு வேறு. புரொசெசருக்கு மட்டும் குளிர்ச்சி வேண்டும் என்றால் இவ்வளவும் வேண்டாம், ஒரு பெரிய காற்றுக் கூலர் வாங்கிப் பூட்டிவிட்டு மிச்சக் காசை வைத்திருங்கள். கார்டின் சத்தம்தான் என்னை இதற்குள் இறக்கியது.

கடைசியாக, சுற்றின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு ரீ (T) முனையும் சின்ன வால்வும் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணி மாற்றுகிற ஒவ்வொரு முறையும் கேசிங்கைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டிவரும். முதல் தண்ணி விடும்போது மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல், பவர் சப்ளையின் 24 முள் வயரில் பச்சையையும் ஒரு கறுப்பையும் ஒரு கம்பியால் தொடுத்தால் பம்ப் மட்டும் ஓடும். மூட்டுகளுக்குக் கீழே ரிசுப் பேப்பர் வைத்து ஓர் இரவு ஓடவிடுங்கள். நனைந்த ரிசு எந்த மூட்டுக்குக் கீழே இருக்கிறதோ அதன் ஓ-ரிங்கைக் கழற்றிப் பாருங்கள், பாதிக்குப் பாதி அது பள்ளத்தில் இருந்து விலகித்தான் இருக்கும்.