ஒட்டுண்ணி எங்கிருந்து வந்தது?

யாங்கோனில் மலேரியா மரபணு ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரியும் எனக்கு நோயாளிகள் கண்ணில் படுவதில்லை; வடிதாளில் உலர்ந்த இரத்தப் பொட்டுகளே வந்து சேர்கின்றன. மியான்மரின் கச்சின் மாநிலம் முதல் மோன் மாநிலம் வரை பல ஊர்களில் மலேரியாத் தொண்டர்கள் விரல் நுனியில் குத்தி எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நெகிழிப் பையிலிட்டு அனுப்புகிறார்கள். அடைமழைக் காலத்தில் தாள் சரியாக உலராவிட்டால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும் என்பதால், பையைக் கையிலெடுத்ததும் ஈரம் பட்டால் மாறும் சிலிக்கா மணிகளின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

மலேரியாவை உண்டாக்கும் பால்சிபாரம் ஒட்டுண்ணியின் மரபணுத்தொகை ஏறத்தாழ 2.3 கோடி எழுத்துகளைக் கொண்டது. அதில் கெல்ச்13 என்ற மரபணுவில் ஓரெழுத்து மாறி, அது உருவாக்கும் புரதத்தின் 580-ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதிலாக டைரோசின் வந்துவிட்டால் போதும், மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் ஒட்டுண்ணியை இரத்தத்திலிருந்து நீக்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றன. சில மாதிரிகளில், மரபணு எழுத்துகளை வாசிக்கும் இயந்திரத்தின் திரையில் ஒரே இடத்தில் இரு வண்ண முகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நிற்கும். ஒரே உடலில் மாற்றம் அடைந்ததும் அடையாததுமாக இருவகை ஒட்டுண்ணிகள் இருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். அத்தகைய மாதிரியை மறுபடி வாசிக்காமல் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

மியான்மரிலும் அதையொட்டிய தாய்லாந்து, வங்கதேச எல்லைப் பகுதிகளிலும் சேகரித்த 940 மாதிரிகளில் 39 விழுக்காட்டில் கெல்ச்13 மாற்றங்கள் இருப்பதாக 2015-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இந்திய எல்லைக்கு 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹோமலின் பகுதியிலும் அவை காணப்பட்டன. அதே எல்லையில் தெற்கே, மியான்மரின் தமுவுக்கும் மணிப்பூரின் மோரேவுக்கும் இடையே நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகப் போய்வருகின்றன. குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்துக்குத் தென்கிழக்காசிய ஒட்டுண்ணிகளிடம் தோன்றிய எதிர்ப்பு முன்பு ஆப்பிரிக்காவை அடைந்து எண்ணற்ற குழந்தைகளின் உயிரைப் பறித்த வரலாறு அறிந்தவர்களுக்கு, இந்தச் செய்தி எவ்வளவு கவலை தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனினும், மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது பாதி வேலையே என்பது என் உறுதியான கருத்து. அந்த மரபணுவின் இருபுறமும் உள்ள பகுதிகளையும் வாசித்தால்தான், ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் ஊர்விட்டு ஊர் பரவியுள்ளனவா, அல்லது அந்தந்த ஊரிலேயே மாற்றம் புதிதாகத் தோன்றியதா என்பது தெரியவரும். தாய்லாந்து–மியான்மர் எல்லையில் காணப்பட்ட கெல்ச்13-இன் 561-ஆம் இடத்து மாற்றம் ருவாண்டாவிலும் தென்பட்டபோது, அது ஆசியாவிலிருந்து போனதன்று, அங்கேயே தோன்றியது என்று 2020-இல் நிறுவியது இவ்வகை வாசிப்புதான். பரவி வந்ததென்றால் மக்கள் போகும் வழிகளில் கண்காணிப்பைக் கூட்டலாம். உள்ளூரிலேயே தோன்றுவதென்றால் எல்லையில் காவலிருந்து பயனில்லை, ஒவ்வோர் ஊரிலும் மருந்து கொடுக்கப்படும் முறையைத்தான் சீர்ப்படுத்த வேண்டும்.

மோன் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் தொண்டராக இருக்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: “தம்பி, ரத்தம் எடுத்து எடுத்து அனுப்புறோம். எங்க ஊர்க் காய்ச்சலப் பத்தி உங்க மெஷின் என்ன சொல்லுச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லலியே?” அவர் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. “மாத்திரை இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுது அக்கா. காய்ச்சல் விட்டாலும் மூணு நாள் மாத்திரையையும் முழுசா சாப்பிடச் சொல்லுங்க” என்றேன். கெல்ச்13 மாற்றம் இருந்தாலும், ஆர்ட்டிமிசினினோடு வேறொரு துணை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்தின் மற்றப் பாதி எஞ்சிய ஒட்டுண்ணிகளை அழித்துவிடும். அந்தத் துணை மருந்தும் செயலிழந்த கம்போடியா போன்ற இடங்களில்தான் சிகிச்சையே தோற்றது.

அதன்பின், மாதிரி அனுப்பிய ஒவ்வோர் ஊருக்கும் முடிவை ஒரு பக்கத்தில் பர்மிய மொழியிலும், தமிழர் இருக்கும் ஊர்களுக்குத் தமிழிலும் எழுதி அனுப்பத் தொடங்கினோம். கயின் மாநிலத்தில் 2014 முதல் ஊர்தோறும் மலேரியா நிலையங்கள் திறந்து, உடனுக்குடன் பரிசோதித்து மருந்து கொடுத்ததால், எதிர்ப்பு மாற்றங்கள் இருந்தபோதே பால்சிபாரம் பெருமளவு குறைந்தது. 2021-க்குப் பிறகு நாட்டில் மலேரியா மீண்டும் பெருகியுள்ள நிலையில், புதிய வாசிப்பு இயந்திரத்துக்கும் அத்தகைய தொண்டர்களுக்கும் இடையே ஒன்றுக்கே பணம் இருக்குமானால், இந்தத் துறையில் இருந்துகொண்டே சொல்கிறேன், தொண்டர்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.