தேவாலயத்திலிருந்து கிழக்கே 100 மீட்டர்

கோஸ்டா ரிக்கா போகிறவர்கள் எரிமலை, கடற்கரை என்று ஓடிவிடுகிறார்கள். தலைநகர் சான் ஹோசேக்கு ஒரு முழுப் பகல் கொடுங்கள். ஒரு வலதுசாரிக் கூட்டணி எழுந்து விழுந்த கதையை நடந்தே பார்த்துவிடலாம்.

டாக்சி விஷயத்தில் கறாராக இருங்கள். மீட்டருக்கு இங்கே 'மரியா' என்று பெயர். மரியா ரிப்பேர் என்று சொல்லி மொத்தமாக ஒரு தொகை கேட்டால் ஏறவே ஏறாதீர்கள், அது பகல் கொள்ளை. விமான நிலையத்துக்கு வெளியிலேயே அலஹுவேலா – சான் ஹோசே பஸ் நிற்கும், செலவு மிகக் குறைவு. முகவரிக்குக் கதவு எண் கிடையாது. "தேவாலயத்திலிருந்து கிழக்கே 100 மீட்டர்" என்பார்கள். 100 மீட்டர் என்றால் ஒரு தெரு தள்ளி என்று அர்த்தம். அளந்து நடந்தால் வழி தவறும்.

முதலில் பெல்லவிஸ்தா கோட்டை, இப்போது தேசிய அருங்காட்சியகம். கோபுரச் சுவரில் 1948 உள்நாட்டுப் போரின் குண்டுத் துளைகளை மூடாமல் விட்டிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். போரில் ஒரு பக்கம் கிளர்ச்சித் தலைவர் ஹோசே ஃபிகேரெஸ், எதிர்ப்பக்கம் முன்னாள் ஜனாதிபதி கால்தெரோன் குவார்தியா. வென்ற ஃபிகேரெஸ் இதே கோட்டைச் சுவரைச் சுத்தியலால் தட்டி ராணுவத்தைக் கலைத்தார்.

தோற்ற கால்தெரோனின் அருங்காட்சியகம் எஸ்கலாந்தே பகுதியில், சாந்தா தெரேசிட்டா தேவாலயத்துக்குப் பக்கம். 1941இல் 'காஹா' என்ற சமூகக் காப்பீட்டு நிறுவனத்தை உருவாக்கியவர் இவர்தான். இவருடைய ஆதரவாளர்களின் கட்சியும் வேறு மூன்று கட்சிகளும் சேர்ந்த 'உனிதாத்' என்ற வலதுசாரிக் கூட்டணி 1978இல் ரோட்ரிகோ கராசோவை ஜனாதிபதியாக்கியது. டாலருக்கு 8.60ஆக இருந்த கொலோன் என்ற உள்ளூர் நாணயம் அவர் காலத்தில் பல மடங்கு சரிந்தது. 1982இல் படுதோல்வி. 1983இல் நான்கும் இணைந்து ஒரே கட்சியாயின. கால்தெரோனின் மகன் கால்தெரோன் ஃபூர்னியே 1990 ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார், 1998இலும் 2002இலும் அதே கட்சிதான். நடுவில் 1995இல், 1948இன் எதிரிகளுடைய மகன்கள் இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதில் இந்தக் கட்சிக்கும் ஃபிகேரெஸ் கட்சிக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது.

2004இல் இடி. காஹாவுக்கு மருத்துவக் கருவி வாங்க ஃபின்லாந்து தந்த 39 மில்லியன் டாலர் கடனில் கமிஷன் போனது வெளியே வந்தது. அப்பா கட்டிய காஹாவின் பணத்தில் மகன் மேல் வழக்கு! 2009இல் தண்டனையும் கிடைத்தது. அதே கட்சியின் சார்பில் 1998இல் ஜெயித்த முன்னாள் ஜனாதிபதி ரொட்ரிகெஸும் வேறொரு கமிஷன் வழக்கில் கைதானார், அவருக்கு விதித்த தண்டனை பிறகு ரத்தானது. 2006 தேர்தலில் கட்சிக்கு ஜனாதிபதி ஓட்டு 4 சதவீதம்கூட இல்லை. 57 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 19 இடம் 5 ஆனது. என்னைக் கேட்டால் கொலோன் சரிவைத் தாங்கிய கட்சியைச் சாய்த்தது காஹாவில் கைவைத்ததுதான். வரிசையில் நிற்கும் நோயாளிகளின் காசு அது. அப்பா பெயரிலுள்ள மருத்துவமனை அருங்காட்சியகத்திலிருந்து நடை தூரம்தான், அந்த வரிசையை அங்கே பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு மெர்காதோ சென்ட்ரல். அங்குள்ள 'சோடா' எனும் சின்னக் கடைகளில் 'கசாதோ' கேளுங்கள். சோறு, கறுப்பு பீன்ஸ், பொரித்த நேந்திரம், முட்டைக்கோஸ் சாலட், ஒரு துண்டு மீன். அபாரம், வயிறும் நிறையும், பர்ஸும் தப்பும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், சந்தை மூடியிருக்கும்.