'பிரிட்டிஷ் படம்' என்ற கேள்விக்கு நான் தயாரான விதம்

ஏ லெவலில் (பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வு) திரைப்படக் கல்வி எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ஒரு படம் எதனால் பிரிட்டிஷ் படம் ஆகிறது, அதில் தயாரிப்புக்கு என்ன பங்கு?' என்று கேள்வி வந்தால், "பிரிட்டிஷ் சினிமா என்றாலே யதார்த்தம்" என்று விடையை ஆரம்பிக்காதீர்கள். மாதிரித் தேர்வில் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். தொழிலாளர் குடும்பம், செங்கல் வீடுகள், வட்டார வழக்கு என்று இரண்டு பக்கம் நிரப்பினேன். பாதி மார்க்கூட வரவில்லை. ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் "பணம் யாருடையது?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அன்று மாலையே 'கெஸ்' (1969) படத்தை எடுத்துத் தேடினேன். வட இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில், அந்த ஊர்ப் பையன்களை வைத்து, அந்த ஊர்ப் பேச்சிலேயே பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச் எடுத்த படம். பணம் போட்டதோ யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம்! அடுத்து 'கிராவிட்டி' (2013). இயக்குநர் மெக்சிகோக்காரர், முக்கிய நடிகர்கள் அமெரிக்கர்கள், பணம் அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸுடையது, கதை நடப்பது விண்வெளியில். ஆனால் தயாரிப்பாளர் டேவிட் ஹேமன் லண்டன்காரர், படப்பிடிப்பு பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில், கிராஃபிக்ஸ் பெரும்பாலும் லண்டனில் உள்ள ஃபிரேம்ஸ்டோர் நிறுவனத்தில். 2014இல் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட அகாதெமி) விருது அதற்குத்தான் கிடைத்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே உங்கள் விடை பாதி எழுதின மாதிரி.

வரிச்சலுகைக்கு ஒரு படம் பிரிட்டிஷ்தானா என்று பார்க்க, பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் ஒரு பண்பாட்டுத் தேர்வு வைத்திருக்கிறது. மொத்தம் 35 புள்ளி, 18 எடுத்தால் தேர்ச்சி. கதைக்களம், பாத்திரங்கள், மொழி, வேலை நடந்த இடம், கலைஞர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. இதை ஒரு பத்தியில் முடித்துவிடுங்கள்.

அப்புறம் தயாரிப்பு. எழுத்து, நிதி, முன்தயாரிப்பு, படப்பிடிப்பு, எடிட்டிங், விநியோகம் என்று வரிசையாக ஒப்பிப்பதில் பயனில்லை. ஒரே படத்தை எடுத்து, தயாரிப்பு முறை திரையில் எங்கே தெரிகிறது என்று காட்டுங்கள். நான் எடுத்தது 'ஐ, டேனியல் பிளேக்' (2016). லோச் கதை நடக்கும் வரிசையிலேயே படம்பிடிப்பவர். நடிகர்களுக்குக் கதையை முழுசாகச் சொல்லமாட்டார். ஏழைகளுக்கு இலவசமாக உணவு தரும் உணவு வங்கியில் நடக்கும் காட்சியில், கேட்டி என்ற இளம் தாய் பசி தாங்காமல் தகர டப்பாவைத் திறந்து கையாலேயே அள்ளித் தின்கிறாள். முதல் முறை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வரிசை மாற்றிப் படம்பிடித்தால் நாள் மிச்சம், பணமும் மிச்சம். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டு இவர் இப்படி எடுக்கிறார் என்பதை அந்தக் காட்சியோடு சேர்த்து எழுதினேன். இறுதித் தேர்வில் எனக்கு மார்க் வந்தது அந்தப் பத்திக்குத்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கடைசியில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். பணம் போட்டவர்கள் பெயர் அங்கேதான் இருக்கும்: தேசிய லாட்டரியிலிருந்து வரும் நிதி, பிபிசி, ஃபிலிம்4 (சேனல் 4 தொலைக்காட்சியின் படப் பிரிவு), பிரெஞ்சு நிறுவனங்கள் எல்லாம். படத்துக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் குறித்து வையுங்கள். தேர்வுக்கு முந்தின இரவு நான் புரட்டியது அந்த ஒரு நோட்டைத்தான்.