புது காலேஜ்ல எம்பிபிஎஸ் படிச்சா பிஜி மேற்படிப்பு கிடைக்காதா?

போன ஞாயித்துக்கிழமை பர்கூர்ல இருந்து சித்தப்பா போன் பண்ணாரு. அவர் பொண்ணு மார்க்குக்கு கிருஷ்ணகிரி கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்ல சீட் வந்துடும், ஆனா யாரோ அவர்கிட்ட "அது 2022ல தொறந்த காலேஜ்ங்க, அங்க படிச்சா ரேடியாலஜி, ஸ்கின் மாதிரி பிஜி எல்லாம் கனவுலதான், சென்னைல பேர் பெத்த காலேஜா பாருங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். அதனால மாந்தோப்புல ரோட்ட ஒட்டி இருக்குற ஒரு ஏக்கர வித்துட்டு, சென்னைல ஒரு பிரைவேட் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டால சேக்கலாமான்னு கேக்குறாரு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அவருக்கு சொன்னதையே இங்கயும் எழுதுறேன், ஏன்னா இந்த பயம் நம்ம பக்கம் நிறைய வீட்ல இருக்கு.

எய்ம்ஸ், ஜிப்மர் மாதிரி தனி பரீட்சை வெக்கிற சில இடத்த விட்டா, நம்ம நாட்டுல பிஜி சீட்டுக்கு நீட் பிஜிங்கிற நுழைவுத் தேர்வு ரேங்க்தான். 200 கேள்வி, 800 மார்க், சரியா போட்டா 4, தப்பா போட்டா 1 போயிடும். நீங்க 1835ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சீங்களா, கிருஷ்ணகிரி காலேஜ் இருக்குற போலுப்பள்ளில படிச்சீங்களான்னு பாத்து யாரும் ஒரு மார்க் கூட்டிப் போட மாட்டாங்க. கவர்மென்ட் காலேஜ் பிஜி சீட்டுல பாதி ஆல் இந்தியா கோட்டா, மீதி ஸ்டேட் கோட்டா, அந்த ஸ்டேட் கோட்டாலயும் நம்ம தமிழ்நாட்டுல பாதி ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி இடத்துல வேலை பாக்குற கவர்மென்ட் சர்வீஸ் டாக்டர்களுக்கு. இதுல எங்கயும் காலேஜ் பேரு வர்றதே இல்ல.

நான் படிச்சது தர்மபுரி கவர்மென்ட் காலேஜ்ல, அதுவும் 2008ல வந்ததுதான், இப்ப எம்டி ஜெனரல் மெடிசின் பண்றேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு ராத்திரி, பாலக்கோடு பக்கத்துல இருந்து வயலுக்கு தண்ணி பாய்ச்சப் போனவர கால்ல துணி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க, கடிச்சது கண்ணாடிவிரியன்னு கூட வந்தவங்க சொன்னாங்க. சீனியர் டாக்டர் முதல்ல அந்த கட்ட பாத்து அவுக்கச் சொன்னாரு, அப்புறம் என் கையில சுத்தமான காஞ்ச கண்ணாடி டியூப் ஒண்ண குடுத்து 2 எம்எல் ரத்தம் எடுக்கச் சொன்னாரு. பெட் பக்கத்துலயே வெச்சு 20 நிமிஷம் ஆட்டாம அசைக்காம நின்னேன். கடிபட்டவரோட சம்சாரம் என் மொகத்தயே பாத்துட்டு இருந்தாங்க. சாச்சுப் பாத்தா ரத்தம் தண்ணி மாதிரி ஓடுச்சு, உறையவே இல்ல, விஷம் ரத்தத்துல வேலையக் காட்டிடுச்சுன்னு அர்த்தம். உடனே ஏஎஸ்வி, அதான் பாம்பு விஷ முறிவு மருந்து, போட ஆரம்பிச்சோம், ஆறாவது நாள் நடந்து வீட்டுக்குப் போனாரு. பாம்புக்கடி பாடத்த நான் பரீட்சைக்குன்னு தனியா மனப்பாடம் பண்ணதே இல்ல. நம்ம ஜில்லா ஆஸ்பத்திரில நோயாளிக்கு பஞ்சமே இல்ல, அந்த அனுபவத்த கொறச்சு பேசாதீங்க.

அப்ப காலேஜால வித்தியாசமே இல்லையான்னா, இருக்கு. நான் முதல் தடவ எழுதினப்ப ரேங்க் ரொம்ப பின்னாடி போயிடுச்சு, ட்யூட்டி ட்யூட்டின்னு ஓடி ஒரு வருஷம் முழுக்க புக்கையே தொடல, எப்படி படிக்கணும்னு சொல்ல எங்க ஹாஸ்டல்ல அப்ப சீனியர்ஸும் கம்மி. பழைய காலேஜ்ல ரெண்டாவது வருஷத்துலயே குரூப்பா உக்காந்து கேள்வி போட ஆரம்பிச்சுடுறாங்க, அந்த பழக்கம்தான் அவங்களோட பலம், காலேஜ் போர்டு இல்ல. இன்னொன்னு, இன்டர்ன்ஷிப், அதான் ஹவுஸ் சர்ஜன் வேலை, எப்ப முடியுதுன்னு கேட்டு வெச்சுக்கோங்க. நீட் பிஜிக்கு ஒரு கட்-ஆஃப் தேதி சொல்லுவாங்க, 2025க்கு ஜூலை 31, அதுக்குள்ள முடிக்கலன்னா அந்த வருஷமே போச்சு. சேர்றதுக்கு முன்னாடி அங்க இருக்குற பசங்ககிட்ட இத விசாரிங்க, பில்டிங் எவ்ளோ பெருசுன்னு பாக்குறத விட இது முக்கியம்.

அமெரிக்கா ஆசை இருந்தா கணக்கு கொஞ்சம் மாறும். அங்க ரெசிடென்சிக்கு, அதாவது அவங்க ஊரு பிஜிக்கு, பரீட்சையோட சிபாரிசு லெட்டர், ரிசர்ச், இன்டர்வியூ எல்லாம் பாப்பாங்க, அவங்க லைசென்ஸ் பரீட்சைல (யுஎஸ்எம்எல்இ) ஸ்டெப் 1 வேற 2022ல இருந்து வெறும் பாஸ், ஃபெயில்தான்னு ஆயிட்டதால ஸ்டெப் 2 மார்க்குக்கும் மத்ததுக்கும் எடை ஏறிடுச்சு. அங்க செட்டில் ஆன பழைய மாணவர்கள் இருக்குற காலேஜ்னா ஒரு போன்ல வழி தெரியும், புது காலேஜ் பசங்க அந்த வழிய தானா தேடணும், அது உண்மையாவே கஷ்டம். ஆனா புது காலேஜ் டிகிரி அங்க செல்லாதுன்னு சொல்றாங்க பாருங்க, அது தப்பு. நம்ம ஊரு மெடிக்கல் காலேஜ்கள கட்டுப்படுத்துற என்எம்சிக்கு 2023லயே டபிள்யூஎஃப்எம்இங்கிற உலக மருத்துவக் கல்வி அமைப்போட அங்கீகாரம் 10 வருஷத்துக்கு கிடைச்சிருக்கு, புதுசா வர்ற காலேஜும் அதுக்குள்ள அடங்கும்.

இவ்ளோவும் சொல்லிட்டு, அந்த தோப்பு காச எடுத்தே ஆகணும்னா, அவ நீட் பிஜிக்கு ஒரு வருஷம் வீட்ல உக்காந்து படிக்கிறப்ப எடுங்க சித்தப்பான்னேன், நானும் அப்படி ஒரு வருஷம் உக்காந்துதான் பிஜி சீட் வாங்கினேன்.

அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தோப்பு வாங்குறவங்க அட்வான்ஸ் குடுக்க நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்கம்மா, வேண்டாம்னு சொல்லிடவா"ன்னாரு. இப்பவே சொல்லிடுங்க சித்தப்பான்னேன்.