கீமோ அறைக்குள் எந்தச் செய்தியை அனுப்பலாம்? எங்கள் அனுபவம்

அண்ணனுக்கு ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய். முதல் கட்ட கீமோ '7+3': ஒரு மருந்து ஏழு நாள், அதோடு இன்னொன்று மூன்று நாள். அது முடிந்தபின் வெள்ளணுக்கள் அடியோடு விழுந்து மறுபடி ஏற மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை தனி அறை, கூட ஒரே ஒரு அட்டெண்டர். பார்க்க வருபவர்கள், பூ, பழக்கூடை எதற்கும் அனுமதி இல்லை. துடைத்துச் சுத்தம் செய்த ஃபோன் மட்டும் உள்ளே போகும். ஊர்ப் பாசமெல்லாம் அந்த ஒரு வழியாகத்தான் அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப் தொடங்குவது ஒரு நிமிட வேலை. யார் எழுதலாம் என்பதில்தான் சிக்கல். உறவுக்காரர் ஒருவர் நல்ல மனதோடு ஆரம்பித்த குரூப்பில் எல்லோரும் எழுதலாம் என்று இருந்தது. பப்பாளி இலைச்சாறு, கருஞ்சீரகம், யாருக்கோ இதே நோய் வந்து இறந்துபோன கதை, வரிசையாகக் கைகூப்பும் ஸ்டிக்கர்கள். "இன்று காய்ச்சல் இறங்கியது" என்ற செய்தி இதற்குள் புதைந்துபோக, பார்க்காதவர்கள் ஒவ்வொருவராக அண்ணிக்கு ஃபோன் செய்தார்கள். அதற்கும் மேலே, பெயர், வயது, மருத்துவமனை எண் எல்லாம் தெரியும்படி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஒருவர் போட்டுவிட்டார். இன்னும் ஆறவில்லை எனக்கு. அப்படி ஒரு ரிப்போர்ட்டும் நோயாளியின் படமும் வெளியே போனால், தன் கியூஆர் கோடை ஒட்டி யாரும் பணம் வசூலிக்கலாம். அப்படி நடந்தது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

செய்தி சொல்வதையும் ஆறுதல் சொல்வதையும் பிரித்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. செய்தி குரூப்பில் அட்மின் மட்டுமே எழுதும்படி அனுமதியை மாற்றிவிட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், மூன்று நான்கு வரி. சொல்ல ஒன்றும் இல்லாத நாளிலும் "மாற்றம் இல்லை" என்று போட்டுவிடுங்கள். அமைதியாக இருந்தால்தான் ஃபோன் அடிக்கும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டை நம்பாதீர்கள். உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். மன்னார்குடிப் பெரியம்மாவுக்கு ஒரு செய்தியும் போகவில்லை, நாம் சொல்லவில்லை என்று வருத்தம். குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அலுவலகத்தாருக்குத் தனி, சொந்தங்களுக்குத் தனி.

ஆறுதல் செய்திகள் எல்லாம் வீட்டில் ஒருவருடைய எண்ணுக்கு வரட்டும். கேட்டுப் பார்த்து, தகுந்ததை மட்டும் அவருக்கு ஃபார்வர்ட் செய்யலாம். கீமோவில் வாய் முழுக்கப் புண்ணாகிவிடும். எச்சில் விழுங்கவே வலிக்கும்போது ஃபோனில் எப்படிப் பேசுவது? அப்போது வாய்ஸ் மெசேஜ்தான் கைகொடுத்தது. அடுத்தடுத்து அனுப்பிவைத்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பதில் எதிர்பார்க்கும் கேள்வியும் வேண்டாம். "தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது" என்பதை நாள் முழுக்கக் கேட்டால் யாருக்கும் சலிக்கும். "மேட்டூர்த் தண்ணி கல்லணை தாண்டிடுச்சு, நம்ம வாய்க்கால்ல நாளைக்கு வந்துடும்" என்று பள்ளித் தோழர் அனுப்பியதைத்தான் அண்ணன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

நோயாளியின் ஃபோனில் ப்ளூ டிக்கையும் 'லாஸ்ட் சீன்' காட்டுவதையும் நிறுத்துங்கள். "பார்த்தும் பதில் போடலையே" என்று கேட்கிறவர்கள் உண்டு. ப்ளூ டிக்கை நிறுத்தினாலும் குரூப்பில் படித்ததும், வாய்ஸ் மெசேஜைக் கேட்டதும் அனுப்பியவருக்குத் தெரியும். ஒருவர் மூலமாக அனுப்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) தானம் கேட்டு அனுப்பும் செய்தியை இதோடு கலக்கவே கூடாது. அந்தச் செய்தி எங்கெங்கோ போகும். தேவை முடிந்த பிறகும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும், அதனால் உபரி எண் ஒன்றைக் கொடுங்கள். எந்தத் தேதி வரை தேவை என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். கடைசி வரியை வெட்டிவிட்டுப் பகிர்கிறார்கள். திருத்த 15 நிமிடம்தான் கிடைக்கும். நீங்கள் அழித்தாலும் ஃபார்வர்ட் ஆகிப் போன பிரதிகள் அழியாது. எஸ்டிபியா, முழு ரத்தமா என்று தெளிவாக எழுதுங்கள். எஸ்டிபி என்றால் ஒரே டோனரிடமிருந்து பிளேட்லெட்டை மட்டும் இயந்திரத்தில் பிரித்தெடுப்பது, ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். கையில் நரம்பு நன்றாகக் கிடைக்க வேண்டும், கடந்த 3 நாளில் ஆஸ்பிரின் எடுத்திருக்கக் கூடாது. இதைச் சொல்லாததால் தாம்பரத்திலிருந்து லீவு போட்டு வந்த ஒரு பையனை ரத்த வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். முன்கூட்டி ஃபோனில் கேட்டபோது "டோனரை அனுப்புங்க" என்பதற்கு மேல் அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடன்பிறந்தவர்கள் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். பின்னால் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை வரலாம் என்றால் நெருங்கிய ரத்த உறவுகளைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் குரூப்பைக் கலைக்க வேண்டாம். "வீட்டுக்கு வந்தாச்சு, பார்க்க வருவதை நாங்கள் சொல்லும்வரை தள்ளிப் போடுங்கள்" என்று அதே குரூப்பில் போட்டோம். அடுத்த கட்ட கீமோ இருக்கிறது. அதற்கும் இதே குரூப், இதே நேரம்.