சுமாஷ் கேள்வி வந்தால் ஒரு சிப்பி மணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கலிபோர்னியா தொல்குடிகள் தாளுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, நல்ல கிரேடு. அந்த நிம்மதியோடு, அடுத்த செமஸ்டரில் எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற பாடங்களை எப்படியும் படித்துவிடுவீர்கள். தென் கலிபோர்னியக் கடற்கரையிலும் அதற்கு எதிரே உள்ள தீவுகளிலும் வாழ்ந்த தொல்குடிகள் சுமாஷ். ஐரோப்பியர் வந்த காலத்துச் சுமாஷ் சமூகம் பற்றிய நெடுவினாவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வீடு, உணவு, சடங்கு என்று தலைப்புப் போட்டு அடுக்காதீர்கள். பயிர் செய்யாத, பானை வனையாத மக்களிடம் பரம்பரைத் தலைவர்களும், பணமும், தனித்தொழில் வல்லவர்களும் எப்படி வந்தார்கள்? வினா எந்த வாசகத்தில் வந்தாலும் கேட்பது இதைத்தான்.

நான் ஒரே ஒரு சிப்பி மணியை எடுத்துக்கொண்டு, அது போன வழியிலேயே விடையை நடத்தினேன். ஒலிவெல்லா என்பது விரல்நுனி அளவுள்ள கடல் நத்தை. அதன் ஓட்டில் வாய்ப்பக்கம் இருக்கும் தடித்த பகுதியை உடைத்தெடுத்து, செர்ட் என்ற கடினக் கல்லில் செய்த ஊசி போன்ற துளைப்பானால் துளையிட்டு, நூலில் கோத்து, கல்லில் உருட்டித் தேய்த்தால் மணி தயார். சரத்தைக் கையைச் சுற்றி அளந்தே மதிப்புச் சொன்னார்கள். மணி செய்தவர்கள் பெரும்பாலும் சான்டா குரூஸ் முதலிய தீவுக்காரர்கள். துளைப்பானுக்கான கல் சான்டா குரூஸின் கிழக்குப் பகுதியில் கிடைத்தது. ஆனால் தீவுகளில் மான் இல்லை, ஓக் கொட்டையும் விதைகளும் போதாது. மணி கரைக்குப் போக, உணவு தீவுக்கு வந்தது.

நடுவில் கடல் இருக்கிறதே, அதற்குத்தான் டோமோல் என்ற பலகைப் படகு. கரையில் ஒதுங்கிய ரெட்வுட் மரத்தைப் பலகையாகப் பிளந்து, சுறாத்தோலால் இழைத்து, நார்க்கயிற்றால் தைத்து, இயற்கைத் தாரையும் பைன் பிசினையும் காய்ச்சி இடுக்குகளை அடைத்தார்கள். இத்தனை உழைப்பு கேட்கும் படகு எல்லாரிடமும் இருக்காது. படகு வைத்திருந்தவர் கையில் வணிகம் இருந்தது, வணிகம் இருந்த இடத்தில் செல்வாக்கும் சேர்ந்தது. 'வொட்' என்ற ஊர்த்தலைவரை இங்கே கொண்டுவாருங்கள். பெண்களும் வொட் ஆனதுண்டு. திருமணமானால் கணவன் மனைவி வீட்டுக்குப் போவது பொது வழக்கம், தலைவர் குடும்பத்துக்கு மட்டும் விதிவிலக்கு. விழாக்களையும் சடங்குகளையும் நடத்திய 'அன்டாப்' குழுவை விட்டுவிடாதீர்கள். மணிகள் இறந்தவரோடு புதைக்கப்பட்டதால் புழக்கத்தில் இருந்தவை குறைந்துகொண்டே வந்தன, மதிப்பும் சரியாமல் நின்றது. இந்த ஒரு வரியில் பொருளாதாரமும் சமயமும் சேர்ந்துவிடுகின்றன.

எந்தத் தகவல் எந்தக் காலத்துச் சான்று என்பதைக் குறிப்பிட்டே எழுதுங்கள்:

- 1542: ஸ்பெயினுக்காகக் கடலோடிய கப்ரியோவின் கப்பல்கள். வந்தார்கள், போனார்கள்.
- 1769: ஸ்பானியத் தளபதி போர்த்தொலாவின் தரைவழிப் பயணம். பாதிரியார் கிரெஸ்பியின் நாட்குறிப்பு இருக்கிறது. படகு கட்டுவதைப் பார்த்த படைவீரர்கள் தச்சுப்பட்டறை என்று பேர் வைத்த இடம்தான் இன்றைய கார்பின்டீரியா.
- 1772 முதல் 1804 வரை: சுமாஷ் நிலத்தில் ஸ்பானியப் பாதிரியார்கள் அமைத்த ஐந்து மிஷன்கள் (மதப்பரப்புக் குடியிருப்புகள்).
- 1912: சுமாஷ் முதியவர் பெர்னாண்டோ லிப்ராடோ, மொழி, பண்பாட்டு ஆய்வாளர் ஹாரிங்டனுக்காகக் கட்டிக்காட்டிய டோமோல். படகைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவர் நினைவிலிருந்து வந்தது.

லிப்ராடோ சொன்னதை 1542-இல் கண்ணால் கண்டதுபோல் எழுதினால் மதிப்பெண் போய்விடும். அவரே மிஷன் காலத்துக்குப் பின் வளர்ந்தவர். இருந்தாலும், அவர் பெயரைச் சொல்லாமல் படகைப் பற்றி எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விவாதப் பகுதியைச் சுருக்கமாக முடியுங்கள். தீவுகளில் கி.பி. 1150-1300 காலத்தில் தலைமை வலுப்பட்டது என்பவர் தொல்லியலாளர் ஜீன் அர்னால்ட், அதற்கு வெகுமுன்பே என்பவர் இன்னொரு தொல்லியலாளர் செஸ்டர் கிங். ஒரு பக்கம் நில்லுங்கள். நான் அர்னால்ட் பக்கம் நின்றேன், அவர் காட்டும் மணித் துளைப்பான் சான்று என் விடைக்குப் பொருந்தியதால். பலகைப் படகு பாலினேசியரிடமிருந்து வந்தது என்ற 2005-ஆம் ஆண்டு வாதத்துக்கு இரண்டு வரி போதும்.

நான் தினமும் கையால் சான்டா பார்பரா கால்வாயின், அதாவது கரைக்கும் தீவுகளுக்கும் நடுவிலுள்ள கடலின், படம் வரைந்தேன்: மேலே கரை, கீழே சான் மிகெல், சான்டா ரோசா, சான்டா குரூஸ், அனகாபா. ஃபிளாஷ் கார்டு எனக்கு ஒத்துவராது, உங்களுக்கு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படம் இல்லாமல் விடைத்தாளைக் கொடுக்காதீர்கள். நேரம் மிஞ்சினால் ஓக் கொட்டை மாவில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கசப்பை எடுத்த பெண்களின் வேலைக்கு ஒரு பத்தி கொடுங்கள். சுமாஷ் மக்கள் மிஷன்களை எதிர்த்து எழுந்த 1824 கலகத்துக்குள் போக வேண்டாம், அது தனிக் கேள்வியாக வரும்.