பார்கள் இல்லாத வரைபடம்: கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்கள் அனுபவம்

இராதாபுரம் பக்கத்திலுள்ள எங்கள் கடற்கரையில் திரவ இயற்கை எரிவாயு இறக்குமதி முனையம் அமைப்பது குறித்த கருத்துக்கேட்புக் கூட்ட அறிவிப்பு நாளிதழில் வந்தபோது, 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி எங்களுக்குக் கிடைத்த அவகாசம் 30 நாள்கள். தமிழில் இருந்தது சுருக்கம் மட்டுமே. ஆங்கிலத்தில் இருந்த முழு வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்தில் அமர்ந்து படித்துக் குறிப்பெடுக்க எனக்கு நான்கு நாள்கள் பிடித்தன.

மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் குளிர்வித்து, கன அளவில் ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலில் கொண்டுவரப்படும் திரவத்தை மீண்டும் வாயுவாக்கக் கடல்நீரின் வெப்பத்தையே பயன்படுத்துவது திட்டம். அப்படிப் பயன்படுத்திய நீர், குழாய்களில் சிப்பி படியாதிருக்கச் சேர்க்கும் குளோரினின் மிச்சத்தோடு, முன்னிலும் குளிர்ந்து கடலுக்குத் திரும்பும். கூடங்குளத்தால் சூடான நீரைப் பற்றியே பேசிப் பழகிய எங்கள் ஊரில், குளிர்ந்த நீரும் மீன்குஞ்சுகளைப் பாதிக்கலாம் என்பதை வீடுவீடாகச் சென்று விளக்க வேண்டியிருந்தது.

அறிக்கையின் கடல் வரைபடத்தை நகலெடுத்து வந்து, ஐம்பது ஆண்டுகளாகக் கடலுக்குப் போகும் என் பெரியப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாரு ஒண்ணையுங் காணலயேப்பா" என்றார். கடலடிப் பாறைத்திட்டுகளைத்தான் நாங்கள் பார் என்போம். சிங்கி இறாலும் கணவாயும் கிடைக்கும் நான்கு பார்கள் இருக்குமிடத்தில் வெறும் மணற்தரை என்று குறிக்கப்பட்டிருந்தது. நீரோட்ட அளவீடோ மாசி, பங்குனியில் மட்டும் எடுக்கப்பட்டது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், திசை மாறும் என்பது எங்கள் சிறுவர்களுக்கும் தெரியும். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத் தரவு போதும் என்று விதி இருக்கலாம். இந்தக் கடலுக்கு அது போதாது என்பதே என் உறுதியான கருத்து. பெரியப்பாவும் அவர் கூட்டாளிகளும் கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் குறிக்கும் கணியம் சொல்லச் சொல்ல, பார்களின் இடங்களைக் குறித்து, அறிக்கையின் பக்க எண்களோடு மனுவாக எழுதினோம்.

கூட்டத்தில் கோபமாகப் பேசியவர்கள் பலர்; அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் திட்டத்தைப் பரிசீலித்து அனுமதி குறித்துப் பரிந்துரைக்கும் மதிப்பீட்டுக் குழுவிடம் போவது நடவடிக்கைக் குறிப்பும் ஒளிப்பதிவும் எழுத்து மனுக்களும்தான் என்பதால், பெரியப்பா ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பாரின் பெயரையும் ஆழத்தையும் நிதானமாகச் சொன்னார். முடிவில் குறிப்பைத் தமிழில் வாசித்தபோது, "மீன்வளம் பாதிக்கப்படும் எனத் தெரிவித்தனர்" என்ற ஒரே வரிதான் இருந்தது. மாலை ஆறு மணியைத் தாண்டியும் எங்கள் ஊரார் எவரும் கலையவில்லை. விடுபட்டதை நான் எழுந்து சுட்டிக்காட்ட, நான்கு பார்களின் பெயர்களும் நீவாடு பற்றிய ஆட்சேபமும் கையால் எழுதிச் சேர்க்கப்பட்ட பின்னரே குறிப்பில் கையொப்பமாயிற்று.

இறுதி அறிக்கையின் வரைபடத்தில் நான்கு பார்களும் இடம்பெற்றுள்ளன. கச்சான் பருவ அளவீடு இல்லை. அதைக் கேட்டு மதிப்பீட்டுக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பியிருக்கிறோம்.